கச்சூமா ஏரிக்கரையில் முதல் முகாம்: கூடாரமா, யர்ட்டா, மரவீடா?

லாஸ் ஏஞ்சலஸ் அருகில் வசிக்கும் நீங்கள், அக்டோபர் நடுவில் வெள்ளி முதல் ஞாயிறு வரை இரண்டு இரவுகள் சாண்டா பார்பரா மாவட்டத்துக் கச்சூமா ஏரியில் குடும்பத்தோடு முகாமிட விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் மனைவியும், 11 வயது மகள், 7 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் பெற்றோர் என ஆறு பேர். அப்பாவுக்கு மூட்டுவலி உண்டு, இரவில் இரண்டு முறையாவது எழுவார். யாரும் இதுவரை கூடாரத்தில் தூங்கியதில்லை. கூடாரம் போடுவதா, யர்ட் என்னும் வட்டக் குடிலை எடுப்பதா, என்னென்ன கொண்டுபோவது, பிள்ளைகள் ஏரியில் குளிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கச்சூமாவில் குளிக்க முடியாது. கரையில் நின்று கால் நனைப்பதற்கும் அனுமதி இல்லை. சாண்டா இனெஸ் ஆற்றின் குறுக்கே பிராட்பரி அணையைக் கட்டி 1953-இல் உருவாக்கிய நீர்த்தேக்கம் இது. இங்கே தேங்கும் நீர், மலையைக் குடைந்து அமைத்த ஆறு மைலுக்கும் அதிக நீளமுள்ள டெகலோட்டே சுரங்கத்தின் வழியாகத் தெற்கே சென்று, சாண்டா பார்பரா, கலீட்டா, மான்டசீட்டோ, கார்ப்பின்டீரியா ஆகிய ஊர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குடிநீராகிறது. அதனால் மனித உடல் நீரில் படக் கூடாது என்ற விதியை இங்கே தளர்த்துவதில்லை. படகில் போகலாம், மீன் பிடிக்கலாம், பறவைகளைப் பார்க்கலாம். நீந்த மட்டும் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஏரி என்றதும் நீச்சலுடையை எடுத்துவைக்கும் வயது அவர்களுக்கு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அந்த முதல் மாலை முழுவதும் அழுகையிலேயே கழிந்துவிடும். தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் கலீட்டா கடற்கரைப் பூங்காவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மலையைக் கடந்து இறங்கினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். பயணத்தின் நோக்கமே நீச்சல்தான் என்றால், இன்னும் வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில் உள்ள லோப்பஸ் ஏரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அங்கே நீரில் இறங்கத் தடையில்லை.

குடிநீர்த் தேக்கம் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. இதன் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். 2016-ஆம் ஆண்டு வறட்சியில் கொள்ளளவில் ஏறத்தாழ 7 விழுக்காடு வரை வற்றியது. 2011-க்குப் பிறகு நிரம்பி வழியாமலேயே இருந்த அணை, 2023-இல் பெய்த பெருமழையில் நிரம்பி, 2024-லும் வழிந்தது. ஆகவே இணையத்தில் பார்க்கும் படங்களில் கூடாரத்தின் வாசலிலேயே தண்ணீர் தளும்புவதை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போகும் வாரத்தில் நீர்மட்டம் என்ன என்பதைச் சாண்டா பார்பரா மாவட்ட நிர்வாகம் நாள்தோறும் வெளியிடும் நீர்த்தேக்க அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். நீர் வற்றிய ஆண்டில் கரைக்கும் முகாமுக்கும் இடையே வெடித்த மண்பரப்பு கிடக்கும். அப்போது நீரை ஒட்டிய தளத்துக்காக அலைவதைவிட நிழலும் கழிப்பறையும் அருகில் உள்ள தளத்தை எடுப்பதே அறிவுடைமை.

இனி, எங்கே தூங்குவது. முகாம் பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் பகலை மனத்தில் வைத்தே திட்டமிடுகிறார்கள். ஆனால் பயணம் இனிப்பதும் கசப்பதும் இரவில்தான். அக்டோபர் நடுவில் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் வழக்கமாக 80 பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், சில நாட்களில் 90-ஐத் தாண்டும். சூரியன் ஆறரை மணிக்குள் மறைந்துவிடும். அதன் பிறகு வெப்பம் மளமளவென்று இறங்கி, விடியற்காலையில் 50-க்கும் கீழே, அதாவது நம் ஊர்க் கணக்கில் 10 பாகை செல்சியஸுக்கும் கீழே போகலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது சமாளிக்கக்கூடிய குளிர்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து சில வாரங்களே ஆன, மூட்டுவலி உள்ள பெரியவர் தரையில் படுத்து எழுந்து, அந்தக் குளிரில் டார்ச் வெளிச்சத்தில் கழிப்பறை தேடி நடப்பது வேறு விஷயம்.

ஆகவே என் பரிந்துரை இது. பெற்றோரைக் கூடாரத்தில் படுக்க வைக்காதீர்கள். கச்சூமாவில் மூன்று வகைத் தங்குமிடங்கள் உள்ளன. முதல் வகை சாதாரணக் கூடாரத் தளங்கள். நூற்றுக்கணக்கில் உண்டு, ஒவ்வொன்றிலும் மேசையும், நெருப்பு மூட்டுவதற்கான வளையமும் இருக்கும். சில தளங்களில், உள்ளேயே தங்கும் வசதியுள்ள ஆர்வி வண்டிகளுக்கான மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளும் உண்டு. இரண்டாம் வகை யர்ட். மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் வட்டக் குடில் வடிவத்தில், கெட்டித் துணியும் மரச்சட்டமும் கொண்டு, தரையிலிருந்து உயர்த்திய மேடை மீது அமைத்தவை. உள்ளே அடுக்குக் கட்டில்களும் விளக்கும் பூட்டும் கதவும் இருக்கும்; ஐந்தாறு பேர் படுக்கலாம். படுக்கை விரிப்பும் போர்வையும் நாம் கொண்டுபோக வேண்டும், கழிப்பறை வெளியேதான். மூன்றாம் வகை மரவீடுகள். இவற்றில் குளியலறையும் சிறு சமையலறையும் உள்ளேயே உண்டு, ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவு.

இரவில் எழும் அப்பாவை மனத்தில் வைத்துப் பார்த்தால் மரவீடுதான் முதல் தேர்வு. பெற்றோரும் உங்கள் மனைவியும் மரவீட்டில் தூங்கட்டும். நீங்களும் பிள்ளைகளும் அதற்கு மிக அருகில் கிடைக்கும் தளத்தில் கூடாரம் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கூடார அனுபவம் கிடைக்கும், நள்ளிரவில் யாருக்காவது குளிர் தாங்கவில்லை என்றால் ஓடிப்போய்ப் படுக்கக் கூரையும் இருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன் வரைபடத்தைப் பார்த்து இரண்டுக்கும் இடையே எவ்வளவு நடை என்பதைக் கணித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வளாகம் பெரியது. மரவீடு கிடைக்கவில்லை என்றால் ஆறு பேரும் சேர்ந்து ஒரே யர்ட்டில் தங்குங்கள். வரைபடத்தில் கழிப்பறைக்கு மிக அருகில் உள்ள யர்ட்டை எடுங்கள், காட்சி எப்படி இருந்தாலும் சரி. இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் தேதியை மாற்றுங்கள். அப்பா கூச்சப்பட்டு, இரவில் எழாமல் இருப்பதற்காக மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். இப்படிச் செய்யும் பெரியவர்கள் பலர். வறண்ட காற்றுள்ள இடத்தில் அது உடலுக்கு நல்லதில்லை.

இதைவிட வசதியாக, கட்டிலும் மெத்தையும் விரித்துவைத்த கிளாம்பிங் வேண்டும் என்று நினைத்தால் மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் எல் கேபிடன் கேன்யன் என்ற தனியார் தங்குமிடத்தில் தேவதாரு மரவீடுகளும் சபாரிக் கூடாரங்களும் உள்ளன. அழகான இடம், ஆனால் அங்கே ஏரி இல்லை, செலவும் பல மடங்கு. நீங்கள் ஏரியை விரும்பிக் கேட்டதால் கச்சூமாவிலேயே நிற்கிறேன்.

கூடாரத்தைப் பற்றிச் சில சொற்கள். ஆறு பேர் கூடாரம் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதில் நான்கு பேர் மூட்டைகளோடு நிம்மதியாகப் படுக்கலாம் என்று பொருள் கொள்ளுங்கள். உங்கள் மூவருக்கு நான்கு பேர் கூடாரம் போதும். வாங்கியதும் வீட்டின் பின்புறத்தில் ஒருமுறை விரித்துக் கட்டி, பிரித்து மடித்துப் பையில் போட்டுப் பாருங்கள், அதையும் பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். கோடை முழுவதும் மழையே காணாத கச்சூமாவின் மண் அக்டோபரில் கல்லாக இறுகியிருக்கும்; கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் இரண்டு முறை அடித்தாலே வளைந்துவிடும். உருக்கு முளைகளைத் தனியாக வாங்கி, கையளவுச் சுத்தியல் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிற்பகலில் ஏரியின் மேல் காற்று வலுக்கும் என்பதால் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கூடாரத்தை நிறுத்தி, எல்லா முளைகளையும் அடித்துவிடுவது நல்லது. சமைத்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் இருட்டிலும் காற்றிலும் போராட வேண்டியிருக்கும்.

ஓக் மரத்தின் நிழல் பகலில் அருமையானது. ஆனால் தடித்த கிளைக்கு நேர் கீழே கூடாரம் போடாதீர்கள். முதிர்ந்த ஓக் மரங்கள் காற்றே இல்லாத வெப்ப நாளிலும் கிளையை முறித்துப் போடுவதுண்டு. தவிர, அக்டோபரில் ஓக் கொட்டைகள் விழும் காலம். இறுக்கிக் கட்டிய கூடாரத் துணியில் நள்ளிரவில் கொட்டை ஒன்று விழும் ஓசை, யாரோ வெளியிலிருந்து தட்டுவது போலவே கேட்கும். மகனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தூங்கும் போது குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வருகிறது. போர்வைகளை எவ்வளவு அடுக்கினாலும் உடலுக்கு அடியில் காப்பு இல்லை என்றால் தரை நம் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றடைத்த மெத்தை மென்மையாக இருந்தாலும் அதனுள் இருக்கும் காற்று இரவில் குளிர்ந்து முதுகைக் குளிரச் செய்யும். அதன் கீழே மடிப்பு நுரைப்பாய் ஒன்றும், மேலே தடித்த கம்பளியோ வீட்டில் உள்ள ஜமுக்காளமோ விரித்தால் அந்தக் குறை தீரும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது உறையில் உள்ள வெப்ப எண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலும் அது குளிரைத் தாக்குப்பிடிக்கும் எல்லையை ஒட்டியதே தவிர, சுகமாகத் தூங்கும் எல்லை இல்லை. 50 பாரன்ஹீட் இரவுக்கு 30 என்று குறித்த பையை எடுத்தால் நிம்மதி. அம்மா அப்பாவுக்கு மரவீட்டிலும்கூடக் கம்பளிக் காலுறையும் குரங்குக் குல்லாவும் கையோடு இருக்கட்டும். மாலையில் வெளியே உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அவைதான் உதவும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். எவ்வளவு குளிரானாலும் கூடாரத்துக்குள்ளோ யர்ட்டுக்குள்ளோ கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் எரிக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. சூடு வேண்டுமானால் வெந்நீர்ப் பையை ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதியில் வைத்துக்கொண்டு படுக்கலாம்.

நெருப்பு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தென் கலிஃபோர்னியாவில் அக்டோபர் காட்டுத்தீக் காலத்தின் உச்சங்களில் ஒன்று. 2017 ஜூலை 8 அன்று இதே ஏரியின் தென்கரையில் தொடங்கிய விட்டியர் தீ 18,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நெடுஞ்சாலை 154 மூடப்பட்டு, முகாமில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வண்டியை எப்போதும் வெளியே செல்லும் திசை பார்த்து நிறுத்துவதற்கும், சாவி, மருந்து, கடவுச்சீட்டு ஆகிய மூன்றையும் இரவில் ஒரே பையில் வைத்துத் தூங்குவதற்கும் காரணம் தெரிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். பெற்றோரின் கடவுச்சீட்டும் பயணக் காப்பீட்டுத் தாளும் மூட்டைக்குள் மூட்டையாகப் புதைந்திருக்கக் கூடாது.

வறட்சியும் காற்றும் சேர்ந்த வாரங்களில் விறகு, கரி நெருப்புக்குத் தடை விதிப்பார்கள். அப்போதும் திருகி அணைக்கும் கேஸ் அடுப்புக்கு வழக்கமாக அனுமதி இருக்கும். ஆகவே சமையலை நெருப்பு வளையத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று போதும். அதற்குப் பச்சை நிறத்தில் விற்கும் ஒரு பவுண்டு உருளைகளை வாங்குவதைவிட, திரும்ப நிரப்பக்கூடிய உருளையை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. ஒருமுறை மட்டும் பயன்படும் அந்த உருளைகளின் விற்பனையைக் கலிஃபோர்னியா சட்டம் 2028 ஜனவரி முதல் தடை செய்கிறது.

நெருப்புக்கு அனுமதி இருந்தால் விறகை முகாம் வளாகத்தின் கடையிலேயே வாங்குங்கள். வீட்டுப் பக்கம் வெட்டிய மரத்தைக் காரில் ஏற்றிக் கொண்டுவராதீர்கள். இது ஏதோ சம்பிரதாய விதி என்று பலர் நினைக்கிறார்கள். பொன்புள்ளி ஓக் துளைப்பான் என்ற சிறு வண்டு, அரிசோனாப் பக்கத்திலிருந்து விறகு மூலமாகவே தென் கலிஃபோர்னியாவுக்கு வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சான் டியேகோ மாவட்டத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட அது, நூற்றாண்டு கடந்த ஓக் மரங்களைப் பட்டைக்கு அடியில் அரித்துப் பட்டுப்போகச் செய்து, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்துக்கும் பரவியிருக்கிறது. நீங்கள் வசிக்கும் பகுதியிலிருந்து ஒரு கட்டு விறகு போதும், கச்சூமாவின் ஓக் காட்டுக்கு அதைக் கொண்டுசேர்க்க. அந்த மரங்களை நேரில் பார்த்தவர் யாரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்.

தூங்கப் போகும் முன் நெருப்பை அணைப்பதிலும் முறை உண்டு. மண்ணைப் போட்டு மூடினால் அடியில் கனல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, சீற்றம் அடங்கிய பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு மேலே அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. இந்த வேலையை மகளிடம் உங்கள் மேற்பார்வையில் ஒப்படைக்கலாம். 11 வயதில் பொறுப்பாகச் செய்வார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஊரிலிருந்து வந்த பெற்றோர் இருப்பதால் இரண்டு வார்த்தை. வெள்ளி இரவுக்கு வீட்டிலிருந்து புளியோதரையும் வறுவலும் கட்டிக்கொண்டு போங்கள்; வந்த களைப்பில் அடுப்பு மூட்ட வேண்டாம். தயிர்சாதம், தேங்காய்ச் சட்னி போன்றவை ஐஸ் பெட்டியில் 40 பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால்தான் பாதுகாப்பு. உடைத்த ஐஸைவிடப் பாளமாக உறையவைத்த ஐஸ் நெடுநேரம் தாங்கும். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்கினால் உருகிய பின் குடிக்கவும் ஆகும். குடிக்கும் பானங்களுக்கு வேறு பெட்டி வையுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். சனிக்கிழமை காலைக்குத் தோசை மாவும் வார்ப்பு இரும்புக் கல்லும் கொண்டுபோனால் போதும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இருந்தால் சட்னி தேவையில்லை. மதியத்து மீதிச் சோற்றை இரவுக்கு வைக்காதீர்கள். வெப்ப நாளில் வெளியே கிடந்த சோறு மறுபடி சூடாக்கினாலும் வயிற்றைக் கெடுக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் உணவு, குப்பை, பற்பசை உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். கச்சூமாவின் ரக்கூன்கள் ஐஸ் பெட்டியின் மூடியைக் கையால் திறக்கத் தெரிந்தவை. மேசையில் விட்ட ரொட்டியைப் பகலிலேயே தரை அணில்கள் இழுத்துப் போகும். கூடாரத்துக்குள் பிஸ்கட்கூட இருக்கக் கூடாது.

உயிரினங்களில் கவனம் தேவைப்படுபவை இரண்டு. அக்டோபரில் ராட்டில் பாம்புகள் இன்னும் நடமாடும். ஆகவே இருட்டில் செருப்போடு நடக்காமல் மூடிய காலணியும் டார்ச்சும் கட்டாயம், பாறை இடுக்கிலும் விறகுக் குவியலிலும் பார்க்காமல் கை விடக் கூடாது. அடுத்தது பாய்சன் ஓக் என்ற செடி. மூன்று மூன்றாக இலைகள் சேர்ந்திருக்கும், பளபளக்கும், இலையுதிர் காலத்தில் செக்கச் செவேலென்று மாறும். அந்த அழகுக்காகவே குழந்தைகள் பறித்து மாலை கட்டத் தொடங்குவார்கள். அதன் எண்ணெய் பட்டால் மறுநாளிலிருந்து கொப்புளமும் தாங்க முடியாத அரிப்பும் வரும். இலை உதிர்ந்த வெறும் குச்சியும் அதையே செய்யும். தொட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவி, அந்த உடையையும் தனியே பையில் கட்டிவிடுங்கள்.

பகலில் என்ன செய்வது என்பதற்கு என்னைக் கேட்டால், சனிக்கிழமைக் காலையை முழுவதும் படகுக்குக் கொடுங்கள். மாவட்டப் பூங்காவின் இயற்கை வல்லுநர்கள் வார இறுதிகளில் நடத்தும் படகுச் சுற்றுலா உண்டு. கூரையுள்ள தட்டையான படகு என்பதால் மூட்டுவலி உள்ளவரும் ஏறி உட்கார முடியும். முன்பதிவு அவசியம். வெண்தலைக் கழுகுகள் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு; குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் சேர்வதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எண்ணிக்கை கூடும். அக்டோபரில் அவை கண்ணில் படாமல் போனாலும், செங்குத்தாகப் பாய்ந்து மீனைக் கவ்வும் விரால் அடிப்பானும், கழுத்தை நீட்டி மிதக்கும் முக்குளிப்பான்களும் ஏமாற்றாது. தனியாகப் படகை வாடகைக்கு எடுத்தால் காற்று எழுவதற்கு முன், காலையிலேயே எடுத்துத் திரும்பிவிடுங்கள். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்டவர்கள் மிதவைச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். உங்கள் இரு பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

சொந்தக் கயாக்கோ காற்றடைத்த படகோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். க்வாகா சிப்பி என்ற அன்னிய உயிரினம் 2007-இல் மீட் ஏரியில் காணப்பட்டதிலிருந்து, படகில் ஒட்டிக்கொண்டு அது குடிநீர்க் குழாய்களை அடைத்துவிடும் என்ற அச்சத்தால் இங்கே படகுகளைச் சோதிக்கிறார்கள். வெளியிலிருந்து வண்டியில் இழுத்துவரும் படகுகளைப் பல நாட்கள் காயவைத்த பிறகே நீரில் விடுகிறார்கள். 2024-இல் ஸ்டாக்டன் துறைமுகத்தில் பொன்சிப்பியும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மாநிலமெங்கும் கெடுபிடி கூடியிருக்கிறது. இரண்டு நாள் பயணத்துக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. மீன்பிடிக்க 16 வயது நிறைந்தவர்களுக்கு மாநில உரிமம் வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆகவே பிள்ளைகள் தூண்டில் போட, நீங்களும் தாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நடக்க முடிந்தவர்களைவிட நடக்க முடியாதவர்களுக்குப் பிடிக்கும் காட்சி ஒன்று முகாமுக்குள்ளேயே உண்டு. ஏக்கார்ன் மரங்கொத்திகள் தங்கள் குளிர்காலச் சேமிப்பை ஒரு மரத்திலேயே வைக்கும். பட்டையில் வரிசை வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் அதற்குச் சரியாகப் பொருந்தும் ஓக் கொட்டையைத் தட்டி இறுக்கிவைக்கும். கொட்டை காய்ந்து சுருங்கித் தளர்ந்துவிட்டால் எடுத்துச் சிறிய துளைக்கு மாற்றும். கூட்டுக் குடும்பமாக வாழும் பறவைகள் அவை. ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட மரத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும். அக்டோபர் அவற்றுக்கு அறுவடைக் காலம் என்பதால் வேலை மும்முரமாக நடக்கும். மடக்கு நாற்காலியை அந்த மரத்துக்கு எதிரே போட்டு, கையில் தொலைநோக்கியைக் கொடுத்தால் உங்கள் அப்பா காலை முழுவதும் அங்கேயே இருப்பார். வளாகத்தில் உள்ள நீல் டெய்லர் இயற்கை மையத்தில் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி விளக்கமும் கிடைக்கும்.

சனி பிற்பகல் வெப்பத்தில் முகாமில் கிடக்காமல் சோல்வாங் போய்வரலாம். டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள் 1911-இல் நிறுவிய ஊர். அதற்கு முன்பே 1804-இல் ஸ்பானியர் நிறுவிய சாண்டா இனெஸ் மிஷன் தேவாலயமும் அங்கே இருக்கிறது. சமதளத் தெருக்கள் என்பதால் பெரியவர்களுக்குச் சிரமம் இருக்காது. அதே ஊரில்தான் 24 மணி நேர அவசர சிகிச்சைப் பிரிவு கொண்ட சாண்டா இனெஸ் வேலி காட்டேஜ் மருத்துவமனை இருக்கிறது. வழியைப் பகலிலேயே பார்த்துவைத்துக்கொண்டால் தேவைப்படும் நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை. சுமாஷ் பழங்குடியினர் குகைச் சுவரில் தீட்டிய ஓவியங்களைக் காண மலை மேல் ஒரு சிறு மாநிலப் பூங்காவும் உண்டு, ஆனால் அங்கே போகும் சாலை மிகக் குறுகலான செங்குத்து ஏற்றம். ஆறு பேர் ஏறிய பெரிய வண்டியில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சாலை பற்றி. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 120 மைல். நெடுஞ்சாலை 101-இல் வென்சுரா, சாண்டா பார்பரா வரை வந்து, அங்கிருந்து 154-இல் திரும்பி 2,200 அடி உயரத்துக்கு மேல் உள்ள சான் மார்கோஸ் கணவாயைக் கடந்து இறங்க வேண்டும். வெள்ளி பிற்பகலில் 101 திணறும் என்பதால் நண்பகலுக்கு முன்பே கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டுவிடலாம். 154 இருவழி மலைச்சாலை. வளைவுகளில் அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டும் என்றால் 101-லேயே தொடர்ந்து கவியோட்டா வழியாகப் பியூல்ட்டன் போய், 246-இல் சோல்வாங் கடந்து கிழக்கே வாருங்கள். தொலைவு கூடும், ஆனால் சாலை அகலமானது. மழைக்காலத்தில் மண்சரிவாலும் கோடையில் தீயாலும் 154 மூடப்படுவது உண்டு என்பதால், வரும்போதும் போகும்போதும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸின் சாலை நிலவரத்தைப் பாருங்கள். ஏரிப் பகுதியில் கைப்பேசி அலைவரிசை சில இடங்களில் கிடைக்காது; இரண்டு வழிகளுக்குமான வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள்.

கடைசியாக, எதை எப்போது செய்வது என்ற வரிசை. இன்றே மாவட்டப் பூங்காத் துறையின் தளத்தில் மரவீட்டையும், அதற்கு அருகில் கூடாரத் தளத்தையும் பாருங்கள். அக்டோபர் வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பும். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரியவர்களின் உடல்நிலையோ தீ எச்சரிக்கையோ திட்டத்தை மாற்றலாம். தங்குமிடம் உறுதியானதும் படகுச் சுற்றுலாவைப் பதிவு செய்யுங்கள். புறப்படும் வாரத்தில் நெருப்புத் தடை உண்டா என்று பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள், வானிலைத் துறை தீ அபாயத்துக்கான செங்கொடி எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விடுத்திருந்தால், பெற்றோரும் பிள்ளைகளும் உடன் இருப்பதால், அந்த வாரம் போகாதீர்கள். நவம்பர் முதல் பாதியில் வேறு தேதி எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இன்னும் குளிரும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும், ஆனால் கழுகுகளைக் காணும் வாய்ப்பு கூடுதல்.